ஔவைக்குச் சிலை உண்டு, வாண்டுமாமாவுக்கு?

மெரினாவில் காலை நடை போகிறவர்கள் தினமும் கடந்துபோகிற சிலைகள்தான். 1968இல் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடந்தபோது வைத்தவை. அந்த வரிசையில் ஔவையார் நிற்கிறார். எதற்காக என்று வழியில் போகும் யாரை நிறுத்திக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் ஆத்திசூடியாகத்தான் இருக்கும், அதாவது பிள்ளைகள் அகர வரிசையில் மனப்பாடம் செய்கிற ஒரு நூல். (சங்க காலத்து ஔவை வேறு, ஆத்திசூடி ஔவை வேறு என்பார்கள் புலவர்கள். சிலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.) அதே சாலையில் பாரதி நிற்கிறார். 1915இல் பாப்பா பாட்டு எழுதியவர். பாரதிதாசன் நிற்கிறார், பிள்ளைகளுக்கென்றே ‘இளைஞர் இலக்கியம்’ என்று தனித் தொகுதி போட்டவர். வீரமாமுனிவரும் உண்டு. தேம்பாவணியைப் புரட்டியவர்கள் எத்தனை பேரோ, அவருடைய பரமார்த்த குருவையும் சீடர்களையும் தெரியாத வீடு குறைவு.

தமிழில் ஒருவருக்குத் தரக்கூடிய பெரிய மரியாதை கடற்கரையில் சிலையாக நிற்பது என்று வைத்துக்கொண்டால், பிள்ளைகளுக்கு எழுதியவர்களுக்கு அது எப்போதோ கிடைத்துவிட்டது. ஆனால் போன ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியின் டீக்கடை முன்னால் நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னது இது: “குழந்தைகளுக்கு எழுதுறது நல்ல சேவைப்பா. அதுக்குப் போய் பெரிய விருது கேட்டா எப்படி?” அவர் நல்ல வாசகர், சிறுபத்திரிகைக் காலத்து ஆள். அவர் கையில் இருந்த பையில் பேத்திக்கு வாங்கிய கதைப்புத்தகங்கள் நாலைந்து இருந்தன. அதைச் சுட்டிக்காட்டினேன். “இது வேற, அது வேற” என்றார்.

எது வேறு, எங்கே வேறாயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

உலக அளவில் இந்தச் சண்டை உரக்க நடந்த இடம் லண்டன். 1999ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் பரிசு. அந்தப் பரிசில் நாவல், கவிதை, வாழ்க்கை வரலாறு, சிறார் நூல் என்று ஒவ்வொரு பிரிவிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிறகு அவற்றையெல்லாம் ஒரே மேடையில் மோதவிட்டு ‘ஆண்டின் சிறந்த நூல்’ என்று ஒன்றை அறிவிப்பார்கள். சிறார் பிரிவில் வென்றது ஹாரி பாட்டர் வரிசையின் மூன்றாம் நாவல். எதிரே நின்றது ஷேமஸ் ஹீனியின் ‘பேவுல்ஃப்’. பழைய ஆங்கிலக் காவியம் ஒன்றை, நோபல் பரிசு வாங்கிய கவிஞர் இன்றைய ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த நூல். 2000 ஜனவரியில் முடிவு வந்தது. மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஹீனி வென்றார். நடுவர்களில் ஒருவரான ஆண்டனி ஹோல்டன், ஹாரி பாட்டர் வெல்லக்கூடாது என்று கடுமையாக நின்றவர். பத்திரிகைகள் பல நாள் இதையே மென்றன.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பேவுல்ஃப் என்ன கதை? ஒரு வீரன் இரவில் வந்து ஆளைத் தின்னும் அரக்கனைக் கொல்கிறான். அப்புறம் அரக்கனின் தாயைக் கொல்கிறான். வயதான பிறகு நெருப்புக் கக்கும் டிராகனோடு மோதிச் சாகிறான். டிராகன் இருப்பதால் இது சிறுபிள்ளைக் கதை என்று ஒரு நடுவரும் சொல்லவில்லை. ஆயிரம் வருஷப் பழமை அந்த அரக்கனுக்கு இலக்கிய அந்தஸ்து வாங்கிக் கொடுத்துவிட்டது. நம் ஊரிலும் அப்படித்தான். வேதாளம் வடமொழிக் கதைத் தொகுப்பில் இருந்தால் ஆய்வுப் பொருள், அம்புலிமாமாவில் இருந்தால் பொழுதுபோக்கு.

ஹீனி வென்றது சரிதான் என்பது என் கட்சி. ஹாரி பாட்டரின் உலகம் பிரமாதம், பின்னல் பிரமாதம், வாக்கியங்கள் சுமார். ஹெரால்ட் புளூம் என்ற அமெரிக்க விமர்சகர் 2000இல் இதைத்தான் காரமாக எழுதினார். மூன்றரைக் கோடிப் பேர் வாங்கினால் அது தவறாக இருக்க முடியுமா, முடியும் என்பதுதான் அவர் கட்டுரையின் தலைப்பே. பாத்திரங்கள் நடக்கப் போகும்போதெல்லாம் ஒரே தேய்ந்த சொற்றொடர் வருகிறது என்று அவர் எண்ணிக்கொண்டே படித்திருக்கிறார். நியாயமான குறைதான். ஆனால் அது அந்த நூலின் மொழியைப் பற்றிய குறை. சண்டை ஓய்வதற்குள் அது சிறார் நூல் என்ற வகையின் மேலேயே விழுந்துவிட்டது. நிறைய விற்கிறது, பிள்ளைகளுக்கானது என்று இரண்டு தனித்தனிக் குற்றச்சாட்டுகள். இரண்டையும் ஒரே எஃப்.ஐ.ஆரில் போட்டுவிட்டார்கள்.

பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டே வருஷத்தில் பதில் கிடைத்தது. பிலிப் புல்மனின் ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ 2001இல் புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அந்த ஆண்டுக்கான விட்பிரெட் பரிசில் எல்லாப் பிரிவுகளையும் தாண்டி ஆண்டின் சிறந்த நூலாயிற்று. சிறார் பிரிவிலிருந்து அப்படி வென்ற முதல் நூல் அது. கடவுள், சாவு, அதிகாரம் எல்லாம் அதில் வருகிறது. பின்னாளில் காஸ்டா என்று பெயர் மாறிய அந்தப் பரிசு 2022இல் நிறுத்தப்படும் வரை, சிறார் பிரிவிலிருந்து இன்னும் ஒரே ஒரு நூல்தான் அந்த உச்சத்தைத் தொட்டது. 2015க்கான பரிசை வாங்கிய ஃபிரான்சிஸ் ஹார்டிஞ்சின் ‘தி லை ட்ரீ’. கதவு திறந்திருந்தும் அத்தனை வருஷத்தில் இரண்டே பேர்தான் உள்ளே போனார்கள். கூட்டம் பாய்ந்து வந்து பெரியவர்களின் நாற்காலியைப் பிடுங்கிவிடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை.

நியூயார்க் டைம்ஸ் வேறொரு வழி கண்டுபிடித்தது. அதன் விற்பனைப் பட்டியலில் ஹாரி பாட்டர் நூல்கள் மாதக்கணக்கில் நகராமல் உட்கார்ந்திருந்தன. பெரியவர்களுக்கான நாவல் போடும் பதிப்பாளர்கள் முணுமுணுத்தார்கள். 2000 ஜூலையில், நான்காம் நாவல் வரும் சமயமாகப் பார்த்து, சிறார் நூல்களுக்கென்று தனிப் பட்டியல் தொடங்கினார்கள். கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போடுவதுபோல. பிள்ளைகளுக்கு வசதி, பெரியவர்களுக்கு நிம்மதி. அடுத்த ஆண்டே அறிவியல் புனைவு வாசகர்கள் தங்கள் ஹியூகோ விருதில் சிறந்த நாவலாக அந்த நான்காம் பாகத்தையே தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களின் நாவல்களோடு சேர்த்து, ஒரே பந்தியில்.

நோபலுக்கு வருவோம். ‘ஜங்கிள் புக்’ 1894இல் வந்தது, கிப்ளிங்குக்கு 1907இல் நோபல். அதற்கு இரண்டு வருஷம் கழித்து செல்மா லாகர்லோஃப், இலக்கிய நோபல் வாங்கிய முதல் பெண். அவருடைய நூல்களில் உலகமெங்கும் போனது, வாத்தின் முதுகில் ஏறி சுவீடன் முழுக்கப் பறக்கும் பையன் நீல்ஸின் கதை. அது எப்படிப் பிறந்தது தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளுக்கு நாட்டின் பூகோளம் சொல்லித்தர ஒரு வாசிப்புப் புத்தகம் வேண்டும் என்று ஆசிரியர் சங்கம் கேட்டு எழுதியது. நம்மூர்த் துணைப்பாட நூல் மாதிரி. இருவருக்கும் பரிசு அந்த ஒரு நூலுக்காக வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்கு எழுதியதால் கை தாழ்ந்துவிட்டது என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

பிற்பாடு அந்த மனசு சுருங்கியது. அதே சுவீடனில், உலகமே கொண்டாடிய ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நோபல் இல்லாமலே 2002இல் இறந்தார். அந்த வருஷமே சுவீடன் அரசு அவர் பெயரில் சிறார் இலக்கியத்துக்கு 50 லட்சம் குரோனார் பரிசு ஏற்படுத்தியது. பந்தியில் விருந்து பலமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தனிப் பந்தி.

சரி, சென்னைக்கு வருவோம். தமிழில் சிறார் எழுத்து என்ற தொழில் பெருமளவு இந்த ஊரில்தான் நடந்தது. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் அம்புலிமாமாவைத் தொடங்கினார்கள், தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா என்று. வடபழனியில் அவர்கள் சினிமாவும் எடுத்தார்கள், பத்திரிகையும் அடித்தார்கள். 1950இல் இங்கே குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானது. அதற்கு உயிராக இருந்த அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 1972இல் கல்கி குழுமத்திலிருந்து கோகுலம் வந்தது. அங்கேயும் பிறகு பூந்தளிரிலும் வாண்டுமாமா என்கிற வி. கிருஷ்ணமூர்த்தி கதை, படக்கதை, விஞ்ஞானம், புதிர் என்று ஒற்றை ஆளாய் ஒரு தலைமுறைக்கே எழுதிக் கொட்டினார். கௌசிகன் என்ற பெயரில் பெரியவர்களுக்கும் எழுதினார், ஆனால் நிலைத்தது வாண்டுமாமாதான். தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்காகப் பெரியசாமித் தூரன் முடித்துக்கொடுத்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் இந்த ஊர்ச் சரக்குதான்.

என் அப்பா அம்புலிமாமாவை வருஷக் கணக்கில் பைண்டு செய்து வைத்திருந்தார். அதைப் புரட்டும்போது இப்போது கண்ணில் உறுத்துவது, பெரும்பாலான கதைகளுக்கு எழுதியவர் பெயரே கிடையாது. வேதாளத்தைத் தோளில் போட்டு நடக்கும் விக்கிரமனை வரைந்த ஓவியர் சங்கரின் கோடுகளை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு 2021இல், மறைந்த பிறகு, பத்மஸ்ரீ வந்தது. ஆனால் மாதா மாதம் வேதாளத்தின் வாயில் புதிர்க் கேள்வியை வைத்தவர் யார்? பெயர் இல்லாதவருக்கு எந்த விருதை எப்படிக் கொடுப்பது? சிறார் எழுத்தைப் பத்திரிகை அலுவலக வேலையாக, ஏறக்குறைய சமையல்கட்டு வேலையாகப் பார்த்ததன் விளைவு இது. சாப்பாடு ருசி என்போம், சமைத்தது யார் என்று கேட்க மாட்டோம்.

தமிழில் இந்த விவகாரம் லண்டன் சண்டையிலிருந்து விலகுவது இதற்கு அடுத்த இடத்தில். இங்கே பிரபல எழுத்துக்குப் பெரிய விருது கிடைக்காமல் இல்லை. கல்கிக்கு அவர் மறைந்த பிறகு 1956இல் ‘அலை ஓசை’க்காக சாகித்திய அகாதெமி விருது. 1958இல் ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’. பத்திரிகையில் தொடராக வந்த எளிய நடை ராமாயணம், பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியது. சிறார் நூல் என்று பெயர் சூட்டாத ஒரு சிறார் நூல் அந்த விருதை வாங்கியிருக்கிறது என்றுகூட நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. 1963இல் அகிலனுக்கு அகாதெமி, 1975க்கான ஞானபீடமும் அவருக்கே, ‘சித்திரப்பாவை’க்கு. சிறுபத்திரிகைக்காரர்கள் கொதித்தார்கள். வெகுஜனப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவர் இலக்கியவாதியா என்று கேட்டார்கள். விமர்சகர் க.நா.சு. காலத்திலிருந்தே அவர்கள் போட்ட கோடு அது.

இந்த இரண்டு முகாம்களுக்கும் நடுவில் சிறார் எழுத்து விழுந்தது. அதை அச்சிட்டவர்கள் வெகுஜனப் பத்திரிகை முதலாளிகள் என்பதால் விமர்சகர்கள் படிக்கவே இல்லை. படிக்கிறவர்கள் பிள்ளைகள் என்பதால் அகாதெமிகள் கணக்கில் எடுக்கவில்லை. ஒருவர் அச்சிட்ட இடத்தைப் பார்த்தார், மற்றவர் வாசகரின் வயதைப் பார்த்தார். பக்கத்தைத் திறந்து பார்க்க இரு தரப்புக்கும் அவசியம் வரவில்லை. நண்பர் “இது வேற, அது வேற” என்றாரே, அந்த வேறு எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வங்காளத்தில் இப்படி ஆகவில்லை. சுகுமார் ராயின் ‘ஆபோல் தாபோல்’ 1923இல் வந்தது. அர்த்தமில்லாத பாட்டுகள், பாதி யானை பாதித் திமிங்கிலம் மாதிரி விசித்திரப் பிராணிகள். வங்காளிகள் அதை இலக்கிய வரலாற்றின் நடுக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. அங்கே தாகூரிலிருந்து சத்யஜித் ராய் வரை பெரியவர்களுக்கு எழுதிய அதே கை பிள்ளைகளுக்கும் எழுதியது, அதை யாரும் ஓய்வுநேர வேலையாக நினைக்கவில்லை. தமிழிலும் கி. ராஜநாராயணன் ‘பிஞ்சுகள்’ எழுதினார். ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது கோபல்ல கிராமம் பேசி முடிந்த பிறகுதான் அந்தப் பெயர் வரும், நேரம் மிச்சமிருந்தால்.

2010இல் சாகித்திய அகாதெமி சிறார் இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்காரை ஏற்படுத்தியது. முதன்மை விருதுக்கு ஒரு லட்சம் ரூபாய், இதற்கு ஐம்பதாயிரம். தொகையைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்வது அல்பம் என்பார்கள். இருக்கட்டும், ஆனால் பாதி என்பது தற்செயலாக வந்த எண் மாதிரித் தெரியவில்லை. தமிழில் முதலில் மா. கமலவேலன் வாங்கினார். அப்புறம் ம.இலெ. தங்கப்பா, இரா. நடராசன், வேலு சரவணன், யெஸ். பாலபாரதி, உதயசங்கர், யூமா வாசுகி என்று வரிசை நீள்கிறது. 1989இல் மறைந்த வள்ளியப்பாவுக்கு இந்த விருது வருவதற்கு வழியே இல்லை. 2014 வரை இருந்த வாண்டுமாமாவுக்கு வழி இருந்தது, வரவில்லை.

இந்த விருது ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். பத்து வயது வாசகரிடம் எதைப் பேசலாம் என்ற எல்லை விரிந்திருக்கிறது. பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பேசும் பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டு பாலியல் சீண்டலைப் பற்றிப் பேசுகிறது, அதுவும் பிள்ளையைப் பயமுறுத்தாமல். பெரியவர்களுக்கான நாவலில் இந்த விஷயத்தை எழுதுகிறவருக்கு எல்லா வசதியும் உண்டு. கனமான சொல் போடலாம், இருட்டை நீட்டலாம், வாசகரை நிலைகுலையவிட்டுப் போகலாம். பிள்ளைக்கு எழுதுகிறவருக்கு அந்த வசதி எதுவும் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், சின்னச் சொல்லில் சொல்ல வேண்டும், படித்து முடித்த பிள்ளை இரவு தூங்கவும் வேண்டும். வெண்பாவுக்குத் தளை தட்டக்கூடாது என்கிற மாதிரியான கட்டுப்பாடு. வெண்பா எழுதினால் புலவர் என்கிறோம்.

ஆனால் இன்னொரு பக்கமும் நடந்தது. யூமா வாசுகியை எடுத்துக்கொள்ளுங்கள். கவிஞர், ‘ரத்த உறவு’ எழுதிய நாவலாசிரியர். மலையாளத்திலிருந்து கொண்டுவந்த ‘கசாக்கின் இதிகாச’த்துக்கு அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது, சிறார் கதைகளுக்கு 2024இல் பால சாகித்திய விருது. ஒரே ஆள், இரண்டு வாசல். சிறார் நூல் என்றால் அதற்கென்று ஒரு வாசல் இருக்கிறதே என்ற எண்ணம் வந்துவிட்டால், பெரிய கூடத்தில் அதைப் பற்றிப் பேச்சே எழாது. அகாதெமியின் தமிழ்ப் பட்டியலை 1955இலிருந்து எடுத்துப் பார்த்தால் நாவல், சிறுகதை, கவிதை, விமர்சனம், வரலாறு எல்லாம் முதன்மை விருது வாங்கியிருக்கின்றன. பிள்ளைகளுக்கென்று எழுதிய நூல் ஒன்றுகூட இல்லை. தனி விருது வருவதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதற்காகப் புகழ்பெற்ற சிறார் கதைக்கெல்லாம் பெரிய விருது கொடுங்கள் என்று நான் கொடி பிடிக்கவில்லை. விருது வாங்கிய நூல்கள் உட்பட நம்முடைய சிறார் கதைகளில் பாதி இன்னும் புத்திமதி சொல்லிக்கொண்டிருக்கின்றன. மரம் பேசும், மரம் நடச் சொல்லும், கதை முடிந்துவிடும். இப்படி எழுதுவதற்கு நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்கு மொத்தமாகப் புத்தகம் வாங்கும் ஏற்பாடு, ஒரு காரணம் என்று பதிப்பாளர்கள் தணிந்த குரலில் சொல்வார்கள். நூலகத்துக்கும் பள்ளிக்கும் போகிற புத்தகத்தில் சேட்டைக்காரப் பையன் கடைசியில் திருந்தியாக வேண்டும். வாசகர் கேட்டு வாங்காத புத்தகத்துக்கு வாசகர் எதற்கு? மதிப்புரையும் வராது. நாளிதழ் ஞாயிறு இணைப்பில் நாலு வரி வந்தால் அதிர்ஷ்டம். மதிப்புரை இல்லாத இடத்தில் நல்லதும் கெட்டதும் ஒரே விலைக்குத்தான் போகும், அதே பத்து சதவீதத் தள்ளுபடியில்.

நல்லதை அடையாளம் காண என்னிடம் ஒரே ஒரு வழி உண்டு. உரக்கப் படித்துப் பார்ப்பது, அதே கதையை அடுத்த நாளும் படிப்பது. மூன்றாம் நாள் பிள்ளைக்கு முன் நான் அலுத்துப்போனால் அது விற்பனைச் சரக்கு. அலுக்காமல் ஏதோ ஒரு வரி புதிதாகத் தெரிந்தால், அதை எந்த நூலோடும் ஒரே மேடையில் வைக்கலாம். 1981இல் க்ரியா பதிப்பகம் ‘குட்டி இளவரச’னை ஃபிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழில் கொண்டுவந்தபோது, அதைத் தேடி வாங்கியவர்களில் கல்லூரிப் பையன்களும் சிறுபத்திரிகை வாசகர்களும் இருந்தார்கள். என் நந்தனம் நண்பரும் ஒருவர். அவரிடம் அந்தப் பிரதி இன்னும் இருக்கிறது. அது சிறார் இலக்கியம்தானே என்று கேட்டதற்கு, “அது தத்துவம்ப்பா” என்றார். பிடித்துப்போனால் உடனே வகையை மாற்றிவிடுவது நம் பழக்கம்.

இன்னொன்று, இந்த விருதுகளில் பெரும்பாலும் பிள்ளைகள் நடுவர்களாக இல்லை. இங்கிலாந்தில் ஸ்மார்ட்டீஸ் என்றொரு பரிசு இருந்தது. பெரியவர்கள் குறும்பட்டியல் போடுவார்கள், பள்ளிப் பிள்ளைகள் வாக்களிப்பார்கள். 1997, 98, 99 என்று மூன்று வருஷமும் ஹாரி பாட்டருக்கே தங்கம் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். பெரியவர்கள் அதற்கப்புறம்தான் சண்டையையே தொடங்கினார்கள். 1978இல் நோபல் வாங்கிய ஐசக் பாஷெவிஸ் சிங்கர், தான் பிள்ளைகளுக்கு எழுதுவதற்கான காரணங்களை விருந்து உரையில் அடுக்கினார். அதில் முதல் காரணம், பிள்ளைகள் புத்தகத்தைப் படிக்கிறார்கள், மதிப்புரையைப் படிப்பதில்லை என்பது.

போன மாதம் அக்கா மகளைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஐந்தாவது படிக்கிறாள். சிறுவர் பிரிவில் அந்தப் பெரிய செயற்கை மரத்தடியில் உட்கார்ந்து அரைமணி நேரம் எதையோ தேடினாள். நானே போய் விருது முத்திரை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து வந்து நீட்டினேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

“மாமா, இது ஸ்கூல்ல பிரைஸ் குடுக்கிற புக்.”

“படிச்சுட்டியா?”

“இல்ல. பிரைஸ் குடுக்கிற புக்குன்னு பாத்தாலே தெரியும்.”

கெஞ்சியதில் நாலு பக்கம் படித்தாள். ஐந்தாம் பக்கத்தில் சிரித்தாள். வீட்டுக்குக் கிளம்பலாம் என்றபோது கையைக் காட்டி இருக்கச் சொன்னாள்.